கொண்டையும் உழைப்பும்

கார்மேகத்தையும் ஆற்றின் கருமணலையும் கூந்தலுக்கு உவமையாகத் தேடிய புலவர் மரபு நம்முடையது. சங்கச் செய்யுள்கள் பெண்ணின் கூந்தலை ‘ஐம்பால்’ என்று சுட்டுகின்றன. ஐந்து வகையாக முடிக்கப்படுவது என்று அதற்குப் பொருள் கூறுவர். முடி, கொண்டை, குழல், பனிச்சை, சுருள் என்று அவ்வகைகளை எண்ணிக் காட்டியவர்களும் உளர். ஆயின் இவ்வைந்தில் எது குனிந்து களை பிடுங்குகையில் அவிழாது நிற்கும், எது விறகுக் கட்டுக்கு இடம் விடும், எது பொழுது சாயும்வரை தலைவலி தராது என்னும் வினாக்கள் நூல்களில் எழவில்லை. கூந்தலைக் கண்டு களித்தவர்கள் எழுதினார்கள். அதைச் சுமந்து கொண்டு வேலை செய்தவர்களுக்கு எழுத்து வாய்க்கவில்லை.

முல்லைத்தீவு மாவட்டத்தின் துணுக்காய்ப் பிரிவில் உள்ள மல்லாவியைச் சுற்றிய ஊர்களை முன்வைத்து இதனைச் சிறிது ஆராய விரும்புகிறோம். வன்னிப் பெருநிலத்தின் இப்பகுதி பழமையான வவுனிக்குளத்தின் நீரை நம்பியது. அக்குளம் 1950களில் புனரமைக்கப்பட்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலமற்ற குடும்பங்கள் பல இங்கே குடியேறின. 1958, 1977 ஆம் ஆண்டுகளின் இனக்கலவரங்களால் துரத்தப்பட்ட மலையகத் தமிழர் பலரும் வன்னி நிலத்தையே புகலிடமாகக் கொண்டனர். ஆகவே வன்னியின் பூர்வீக விவசாயப் பெண், குடாநாட்டிலிருந்து வந்த பெண், தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த பெண் ஆகிய மூவரும் அடுத்தடுத்த வரம்புகளில் வேலை செய்யும் நிலை இந்நிலத்தில் உண்டாயிற்று. அவர்கள் கொண்டை முடியும் முறைகள் ஒன்றல்ல. அவர்கள் செய்த வேலைகளும் ஒன்றல்ல.

முதலில் பாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனிதத் தலையில் ஏறத்தாழ 1 இலட்சம் மயிர்கள் உள்ளன. இடுப்புக்குக் கீழ் இறங்கும் அடர்ந்த கூந்தல் சில நூறு கிராம் எடை கொண்டது. மயிர் தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு நீரைத் தனக்குள் உறிஞ்ச வல்லது என்பதால், முழுகிய கூந்தலின் பாரம் இன்னும் மிகுதி. இவ்வெடை முழுவதையும் ஒரே முடிச்சில் திரட்டி, தலையிலிருந்து வெளியே துருத்தி நிற்கும் உருண்டையாகக் கட்டினால், அது நெம்புகோல்போல வேர்களை இழுக்கும். அதே கூந்தலைத் தலையோடு ஒட்டித் தட்டையாக, அகலப் பரப்பிச் சுற்றினால் இழுப்புப் பல இடங்களுக்குப் பகிர்ந்து போகும். பௌதிகம் படிக்கும் மாணவருக்கு இது எளிய கணக்கு. பள்ளிக்கூடம் காணாத நம் பாட்டிமாருக்குக் கழுத்து நோவே இதைக் கற்பித்தது.

பாரத்தை அலட்சியம் செய்தால் என்ன நேரும் என்பதற்குச் சான்று வெகு தொலைவில் கிடைக்கிறது. கிறீன்லாந்துப் பெண்கள் கூந்தலை உச்சியில் இறுக்கிக் கட்டும் வழக்கம் உடையவர்கள். அவர்களுடைய நெற்றியோரத்தும் செவியோரத்தும் முடி உதிர்ந்து போயிருந்ததை 1907இல் ஒரு மருத்துவர் பதிவு செய்தார். இழுவையால் உண்டாகும் வழுக்கை மருத்துவ நூல்களில் இடம்பெற்றது இவ்வாறே. நம் வீடுகளில், “இறுக்கிக் கட்டாதை பிள்ளை, நெத்தி ஏறிப் போகும்” என்று அம்மம்மாமார் சொன்னதும் இதுவே அன்றோ!

இனி, ஊசியோ நாடாவோ இன்றிக் கூந்தலே கூந்தலைப் பிடித்து நிற்கும் முடிச்சைக் கவனிப்போம். தமிழகத்தார் கோடாலி முடிச்சு என்பர். கூந்தலைப் பிடரியில் ஒன்றுகூட்டி, ஒரு பக்கமாக முறுக்கி, முறுக்கிய திசையிலேயே இடக்கை விரல்கள் இரண்டைச் சுற்றி வளையமாக்கி, நுனியை அவ்வளையத்தின் ஊடே இழுத்து விடுவது அது. திசை மாறினால் முறுக்கு அவிழ்ந்து கொண்டை தளரும். கயிறு திரிப்போர் அறிந்த உண்மை இது. முழுகிய அன்று கூந்தல் வழுக்கும், முடிச்சு நில்லாது. மறுநாள் சிறிது எண்ணெய் தடவியபின் இழையோடு இழை பற்றிக்கொள்ளும். ஈரத்தோடு முடியலாகாது என்ற விதியும் வெறும் மூடநம்பிக்கை அன்று. ஈரமயிர் இழுத்தால் நீளும், எளிதில் அறும். காற்றுப் புகாத கொண்டைக்குள் ஈரம் நின்றால் நாற்றமும் சிக்கும் வரும். இத்தனை நுட்பமும் அடங்கிய இச்செயலுக்கு வேண்டிய நேரம் அரை நிமிடம். அரிவாளைக் கீழே வைத்து, அவிழ்ந்ததை அள்ளி முடிந்து, மீண்டும் அரிவாளை எடுக்கும் பெண்ணை அருவி வெட்டுக் காலத்தில் பார்த்தவர்கள் அறிவார்கள்.

நீண்டு கனத்த கூந்தலுக்கு இம்முடிச்சு மட்டும் போதாது. இரண்டு நாழிகையில் சரிந்து விடும். அதற்கு முதலில் பின்னுதல் வேண்டும். பின்னலைச் சுருட்டி வைத்தால் இழைகள் தனித்தனியே நழுவுவதில்லை. பின்பு ஒரு குச்சி. கொண்டையின் விளிம்பில் புகுந்து, தலையோடு ஒட்டிய மயிரில் ஒரு கொத்தைப் பற்றி, மறு விளிம்பில் வெளிவரும் அக்குச்சி, தையலூசி துணியைத் தைப்பதுபோலக் கொண்டையைத் தலையோடு தைக்கிறது. சீனத்திலும் யப்பானிலும் இக்குச்சி பொன்னும் ஆமையோடும் இழைத்த அணியாக வளர்ந்தது. நம்மவர்க்கு வேப்பங்குச்சியும் ஈர்க்கும் போதுமாயிருந்தன; இன்று பரீட்சைத் தாள் திருத்தும் ஆசிரியை பென்சிலைச் செருகிக்கொள்வதும் அதே மரபுதான். கீழடி அகழாய்வில் தந்தத்தால் ஆகிய சீப்பு கிடைத்தது என்று மகிழ்கிறோம். தந்தம் 2,000 ஆண்டு கடந்தும் மண்ணில் நிற்கும், வேப்பங்குச்சி நில்லாது. தொல்பொருள் சான்றுங்கூட வசதி படைத்தோர் பக்கம் சாய்ந்தே கிடைக்கிறது.

கம்பியை வளைத்த இருகாற் கொண்டை ஊசி ஆலைத் தொழிலோடு வந்த பொருள். நெளிவுள்ள, இறுகப் பற்றும் சிறு ஊசியோ 1920களில் மேனாட்டுப் பெண்கள் கூந்தலைக் குட்டையாகக் கத்தரித்தபோது, அக்குட்டை முடியைப் படிய வைப்பதற்காகப் பரவியது. அது நம் கடைகளுக்கு வந்து நெடுங்கூந்தலைத் தாங்கும் பொறுப்பை ஏற்றது. தாங்க மாட்டாமல் தெறித்து விழுகிறது என்பதே பெண்களின் முறைப்பாடு. குற்றம் ஊசியுடையது அன்று. அது வேறு வேலைக்குப் பிறந்தது. இருகாலூசியை முதலில் கொண்டையின் ஓரத்து மயிரில் வெளிநோக்கிச் செருகி, பிறகு திருப்பி உள்நோக்கித் தள்ளினால், கனத்த கொண்டைக்கும் மூன்று நான்கு ஊசி போதும்.

கொண்டை தலையின் எவ்விடத்தில் இருக்க வேண்டும் என்பதில்தான் உழைப்பின் கைவரிசையை நாம் தெளிவாகக் காண்கிறோம். சும்மாடு வைத்து விறகோ வைக்கோலோ சுமப்பவளுக்கு உச்சி வெறுமையாக இருத்தல் வேண்டும்; ஆகவே கொண்டை பிடரிக்கு இறங்குகிறது. கொழுந்து பறிப்பவளின் கூடைக் கயிறு தலையின் மேலாக வந்து முதுகில் இறங்குவது. அவளுக்கும் கொண்டை கயிற்றின் கீழே அடங்க வேண்டும். நாள் முழுதும் குனிந்து நிற்பவளுக்கோ மிகத் தாழ்ந்த கொண்டை தோள்வழியே முன்னால் சரிந்து தொல்லை தரும். அவள் அதைச் சற்றே உயர்த்தி, மண்டை புடைத்திருக்கும் இடத்துக்கு மேல் தட்டையாக முடிகிறாள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் திருவுருவத்தில் கொண்டை இடப்பக்கம் சாய்ந்து எழிலோடு நிற்கிறது. அச்சாய்வின் அழகை நாம் மறுக்கவில்லை. ஆனால் அக்கொண்டையோடு ஒரு கட்டு விறகைச் சுமக்க இயலாது.

ஆண்களும் முன்பு நெடுமுடி வளர்த்தவர்களே. யாழ்ப்பாணத்தார் குடும்பி வைத்திருந்தனர். தென்னிலங்கைக் கரையோரச் சிங்கள ஆடவர் கொண்டை முடிந்து ஆமையோட்டுச் சீப்பு அணிந்தனர். தமிழ்க் கிறிஸ்தவர் குடுமி வைக்கலாமா என்பது 1860களில் பாதிரிமாரிடையே பெரும் விவாதமாயிற்று. கால்டுவெல் அது சமய அடையாளம் அன்று, நாட்டு வழக்கம் என்று எழுதினார். ஆணின் குடுமிக்காகப் பேரறிஞர் ஒருவர் பேனா எடுத்தார் என்பதைக் குறித்துக் கொள்வோம். பின்னர் உத்தியோகமும் ஆங்கிலக் கல்வியும் வந்து ஆண்கள் குடும்பியைக் களைந்தனர், சலூன்கள் பெருகின. (அத்தகைய சலூனில் தொழில் செய்து எழுத்துக்கு வந்த டொமினிக் ஜீவா 1966இல் யாழ்ப்பாணத்தில் ‘மல்லிகை’யைத் தொடங்கியதை இவ்விதழின் வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். முடியைத் தொட்ட கையைச் சாதி இழிவு செய்த நாட்டில் அது சிறு செயல் அன்று.) இவ்வாறு ஆண்களின் தலை இலேசாயிற்று. நெடுங்கூந்தலின் பாரமும், அதைப் பேண வேண்டிய கடமையும், பேணாவிடில் வரும் பழியும் பெண்ணிடமே தங்கின.

அவிழ்ந்த கூந்தலுக்கு வன்னியில் தெய்வமே உண்டு. மதுரையை எரித்த கண்ணகி பல தலங்களில் தங்கிப் பத்தாவதாக முல்லைத்தீவின் வற்றாப்பளைக்கு வந்தாள் என்பது மரபு. நந்திக்கடலோரம் மாடு மேய்த்த சிறுவர்களிடம் அவள் ஒரு கிழவியாக வந்தாள். பசிக்குப் பொங்கல் கேட்டாள். விளக்கெரிக்க எண்ணெய் இல்லை என்றபோது கடல்நீரை வார்க்கச் சொன்னாள். பின் தலை கடிக்கிறது, பேன் பாருங்கள் என்றாள். கூந்தலை விலக்கிய சிறுவர்கள் தலை முழுதும் ஆயிரம் கண்களைக் கண்டார்களாம். வைகாசிப் பொங்கலில் உப்புநீர் விளக்கு இன்றும் ஏற்றப்படுகிறது. பேன் கடிக்கும் தலையோடு வந்து உதவி கேட்கும் தெய்வத்தைக் கற்பித்தவர்கள் அரண்மனைப் புலவர்களாக இருந்திருக்க முடியாது என்பது எம் துணிபு.

போர் வந்தபோது பெண்ணின் கூந்தல் பிறர் முடிவுக்கு உட்பட்டது. 1995 இறுதியில் வலிகாமத்திலிருந்தும், 1996இல் கிளிநொச்சியிலிருந்தும் பெயர்ந்த மக்களால் மல்லாவி நிரம்பிற்று. அக்காலப் புகைப்படங்களில் விடுதலைப் புலிகளின் பெண் போராளிகளைக் குட்டை முடியோடும் காண்கிறோம்; இரட்டைப் பின்னலை மடித்துத் தலையின் பின்புறம் குறுக்காகப் பொருத்திய கோலத்தோடும் காண்கிறோம். இரண்டாவது முறை பாரத்தை இருபுறமும் பகிர்கிறது, ஓடினாலும் குலையாது. நம் பெண்பிள்ளைகள் பாடசாலைக்கு மடித்துக் கட்டிய பின்னலின் வளர்ச்சியே அது என்று கருதுகிறோம்; வகுப்பறையிலிருந்து போர்க்களத்துக்கு அதிகத் தூரம் இருக்கவில்லை என்ற துயரத்தையும் அது சொல்கிறது. போரின் கடைசி ஆண்டுகளில் கட்டாயமாகப் பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளைகளின் கூந்தல் கத்தரிக்கப்பட்டது. தப்பி வந்தவர்களுக்கு அக்குட்டை முடியே இராணுவத்தின் சந்தேகத்துக்கு உரிய அடையாளமாயிற்று. இருதரப்பும் ஒரு சிறுபெண்ணின் தலையைத் தம் பதிவேடாகப் படித்தன.

2008 செப்ரெம்பரில் மல்லாவி இராணுவத்தின் கைக்குப் போனது. கிழக்கு நோக்கி ஓடிய மக்கள் 2009 மே மாதத்தில் மீந்தவர்களாகச் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அங்கே இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். குடிநீருக்கே வரிசை நின்ற இடத்தில் இடுப்பளவுக் கூந்தலை முழுகுவதற்கு எத்தனை வாளி நீர் வேண்டும் என்று எண்ணிப் பார்க்கலாம். துணுக்காய்ப் பகுதி மக்கள் அவ்வாண்டின் இறுதியில் திரும்பத் தொடங்கினர். முகாம் 2012இல்தான் முற்றாக மூடப்பட்டது. திரும்பியவர்களில் கணவனை இழந்தோர் மிகப் பலர். அவர்கள் பூவைத் தவிர்க்க வேண்டும் என்று சொல்ல ஊரில் ஆளுண்டு. வரம்பு கட்ட, பிள்ளைகளுக்குச் சோறு தேட வந்து நிற்பவர் அரியர். பூவில்லாக் கொண்டையை அள்ளி முடிந்துகொண்டு அவர்களே வயலில் இறங்கினார்கள்.

அண்மைக் காலத்தில் கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. வன்னிப் பெண்கள் பேருந்தேறி அங்கே செல்கின்றனர். இயந்திரம் அவிழ்ந்த கூந்தலைப் பொறுப்பதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ஆலைகளில் பெண்களின் கூந்தல் பொறிகளில் சிக்கியதால், ஒரு கண்ணை மறைத்துத் தொங்கும் கூந்தலுக்குப் பேர்போன நடிகை வெரோனிக்கா லேக்கிடம் அக்கோலத்தை மாற்றும்படி அந்நாட்டு அரசே வேண்டியது. தையற்பொறியின் முன் அமர்பவளுக்கு வயற்கொண்டை மீண்டும் மாறுகிறது. குனிந்த கழுத்தின் பின்புறத்தை அழுத்தாமலும், மேலே அணியும் தொப்பிக்குள் அடங்கியும், நாற்காலி முதுகில் சாய்ந்தால் இடியாமலும் அது அமைய வேண்டும். பின்னலை இரண்டாக்கி மேல்நோக்கி மடித்துத் தட்டையாகப் பொருத்துவதே இதற்குத் தோதானது. பழைய பாடசாலைப் பின்னல் இப்பொழுது ஆலைக்குப் போகிறது. காலையில் பேருந்து வருமுன் ஒருத்தியின் பின்னலை மற்றொருத்தி மடித்துப் பொருத்தி விடுகிறாள்.