‘பிராணநாதா’ என்று யார் அழைத்தார்?

சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் வெளிவந்த தமிழ் நாவல்களையும், நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகக் கொட்டகை போட்டு நடத்திய நாடகங்களின் புத்தகங்களையும் எடுத்துப் புரட்டுகிறவர்கள், அந்நாளில் மனைவிமார் யாவரும் கணவனைப் ‘பிராணநாதா’ என்றும் ‘சுவாமி’ என்றும் விளித்து, கணவன்மாரும் ‘கண்மணி’, ‘பிராணேசுவரி’ என்று மறுமொழி கூறி, சந்திரனையும் தென்றலையும் சாட்சி வைத்துக்கொண்டே குடித்தனம் நடத்தினார்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடும். ஆனால் அந்த நாவல்களைப் பகல் தூக்கத்தைத் தியாகம் செய்து படித்த பெண்மணிகள், புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சமையற்கட்டிலிருந்து தலையை நீட்டி, “ஏங்க, இலை போட்டாச்சு” என்றுதான் சொன்னார்கள். நூலில் வழங்கிய காதல் மொழியும் வீட்டில் வழங்கிய தாம்பத்திய மொழியும் ஒரே கூரையின் கீழ் இருந்தும் ஒன்றையொன்று நெடுங்காலம் தீண்டாமலே வாழ்ந்தன என்பது நம் சமூக வரலாற்றில் ஒரு விசித்திரமான அத்தியாயம்.

வீட்டு மொழியின் முதல் விதி, கணவன் பெயரை மனைவி உச்சரிக்கலாகாது என்பது. உச்சரித்தால் அவன் ஆயுள் குறையும் என்று பாட்டிமார் அச்சுறுத்தினார்கள். ஜனக்கணக்கு எடுக்க வந்தவர் வாசலில் நின்று வீட்டுக்காரர் பெயரைக் கேட்டால், அம்மாள் கதவுக்குப் பின்னால் நின்றபடி பையனை முன்னே தள்ளி, “அப்பா பேரச் சொல்லுடா” என்பாள். பையனும் இல்லாவிட்டால், “வேல் பிடிச்ச சாமி பேரு” என்று ஜாடை காட்டுவாள். வந்தவர் முருகன், கந்தன், வேலாயுதம் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, சரியான பெயர் வரும்போது தலையை ஆட்டுவாள். விளிக்க வேண்டிய நேரத்தில் ‘ஏங்க’, ‘என்னங்க’, கொங்கு நாட்டில் ‘ஏனுங்க’, பிராமண வீடுகளில் ‘ஏன்னா’, யாழ்ப்பாணத்தில் ‘இஞ்சாருங்கோ’. மாமன் மகனையோ அத்தை மகனையோ மணந்தவர்களுக்குக் கலியாணத்துக்கு முன்பிருந்தே ‘மாமா’, ‘மச்சான்’, ‘அத்தான்’ என்ற உறவு முறைகள் கைவசம் இருந்தன. குழந்தை பிறந்த பிறகோ தொல்லையே இல்லை. பிள்ளையின் பெயரோடு அப்பாவைச் சேர்த்துவிட்டால் காரியம் முடிந்தது. கணவன் பக்கத்தில் இத்தனை சங்கடமும் கிடையாது. ‘இந்தா’, ‘அடியே’, ‘ஏ புள்ள’, நெல்லைச் சீமையில் ‘ஏட்டி’ என்று எது வாயில் வந்ததோ அதுவே விளி. இந்த வழக்கத்தை ‘சொல்லாமல் சொல்லும் அன்பு’ என்று சிலாகித்து எழுதுவோர் உண்டு. அன்பு இருந்தது வாஸ்தவமே. ஆயினும் ஒருத்தி பெயரையே சொல்லக் கூடாது, மற்றவன் ‘ஏய்’ என்று கூப்பிடலாம் என்ற ஏற்பாட்டில் அன்பைக் காட்டிலும் அந்தஸ்தே அதிகம் தெரிகிறது என்பது என் அபிப்பிராயம்.

பேச்சில் இல்லாத சரசம் கடிதத்திலாவது இருந்திருக்குமே என்றால், அதற்கும் வழியில்லை. இந்தியாவில் தபால் கார்டு 1879-ல் வந்தது. பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் பிழைக்கப் போனவர்கள் கடல் கடந்து எழுதத் தொடங்கினார்கள். ஆனால் எழுதத் தெரியாதவன் யாரிடமாவது சொல்லி எழுதுவித்தான். படிக்கத் தெரியாதவள் தபால்காரரிடமோ திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். மாமனாரும் மாமியாரும் நாத்தனாரும் சூழ உட்கார்ந்திருக்க, வாத்தியார் ‘உபய குசலோபரி’ என்று உரக்கத் தொடங்கும் கடிதத்தில் எந்தக் கணவன் மனைவியைக் ‘கண்ணே’ என்பான்? கடிதமே தகப்பனார் பெயருக்கு வரும். நாட்டில் மழை எப்படி, சிவப்பி கன்று போட்டாளா, பங்காளி வழக்கு என்ன ஆயிற்று என்றெல்லாம் கேட்ட பிறகு, கடைசி வரியில் ‘வீட்டில் அனைவரும் க்ஷேமமா’ என்று இருக்கும். அந்த ‘வீட்டில்’ என்ற சொல்லுக்குள்தான் அவள் இருந்தாள். அவளும் அதைக் கண்டுகொண்டாள்.

இனி, நூல் மொழிக்கு வருவோம். அகப்பாட்டில் தலைவன் தலைவியரின் பெயரைச் சொல்லலாகாது என்று தொல்காப்பியம் விதித்தது. காப்பியத்தில் அந்தத் தடை இல்லை. சிலப்பதிகாரத்தின் தொடக்கத்தில் கோவலன் புது மனைவியைப் பொன், முத்து, கரும்பு, தேன் என்று அடுக்கிப் புகழ்கிறான். காதல் வசனத்துக்குத் தமிழில் அதைவிடப் பெரிய முன்னோடி இல்லை. அவ்வளவும் சொல்லிவிட்டு மாதவியின் வீட்டுக்குப் போய்விட்டான் என்பதையும் இளங்கோவடிகளே சொல்கிறார். மதுரையில் மாதரி வீட்டில், கண்ணகி தரையில் நீர் தெளித்து, குருத்து வாழையிலை விரித்து, ‘அடிகள்’ என்று விளித்துச் சோறு படைக்கும் இடத்தில்தான் வேறொரு பேச்சு பிறக்கிறது. பெற்றோரைத் தவிக்க விட்டதை எண்ணி அவன் வருந்துகிறான். நீர் செய்தது தகாத ஒழுக்கம் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். அங்கேயும் அவன் அவளைப் புகழத்தான் செய்கிறான். ஆனால் இம்முறை புகழ் அவள் மேனிக்கு அன்று, நடத்தைக்கு.

உரைநடை நாவல் வந்தபோது, மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளைக்கு இந்தச் சிக்கல் அதிகம் எழவில்லை. 1879-ல் வெளியான ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் ஞானாம்பாள் காதலியாக இருப்பதைக் காட்டிலும் புத்திமதி கூறுபவளாகவே மிகுதியும் இருக்கிறாள். ராஜமையர் ‘கமலாம்பாள் சரித்திர’த்தை 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’யில் எழுதினார். முத்துஸ்வாமி ஐயரும் கமலாம்பாளும் மகள் கலியாணத்தைப் பற்றி ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டு பேசும் பேச்சு, எந்த வீட்டுக் கூடத்திலும் காதில் விழக்கூடிய பேச்சு. அந்த இளைஞர் 26 வயதில் மறைந்துபோனார். அவர் போட்ட பாதையில் நடக்க உடனே ஆள் வரவில்லை. பிறகு வந்தவர்கள் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும். ரெயினால்ட்ஸ் என்ற ஆங்கில நாவலாசிரியரின் கதைகளைத் தழுவி எழுதும்போது, லண்டன் சீமாட்டியின் மோகாவேசத்தைக் கும்பகோணத்துப் பெண்ணின் வாயில் வைக்க வேண்டியிருந்தது. வீட்டுத் தமிழில் அதற்குச் சரக்கு இல்லாததால், புராணப் பிரசங்கத்திலிருந்து ‘நாதா’வும் ‘சுந்தரி’யும் கடன் வாங்கப்பட்டன. இப்படித்தான் ஆங்கில உடம்புக்குச் சமஸ்கிருத உடை தைத்துப் போட்ட காதல் மொழி நம்மிடையே உற்பத்தியாயிற்று.

நாடக மேடை அதை ஊர் அறியச் செய்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற பாலர் கம்பெனிகளில் நடித்தவர்கள் அனைவரும் சிறுவர்கள். பெண் வேஷமும் சிறுவர்களுடையதே. ஆகவே அந்தக் கொட்டகைகளில் ஜனங்கள் காதால் கேட்ட ‘பிராணநாதா’, மீசை முளைக்காத ஒரு பையன் இன்னொரு பையனைப் பார்த்துக் கூவியது. கூவியது என்றே சொல்ல வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில், மண்ணைக் குவித்து உட்கார்ந்திருக்கும் தரை டிக்கெட்டுக்காரனின் காதுக்கு எட்டாத காதலுக்கு மதிப்பில்லை. காதில் ரகசியமாகச் சொல்ல வேண்டியதை எட்டுக் கட்டைச் சுருதியில் சொல்லும் வழக்கம் அங்கே பிறந்ததுதான். மைக் வந்த பிறகும் அது போகவில்லை!

பேசும் படம் 1931-ல் ‘காளிதாஸ்’ மூலம் தமிழுக்கு வந்தது. 1937-ல் ‘அம்பிகாபதி’யை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் தமிழறியாத அமெரிக்கர். ரோமியோ - ஜூலியட்டின் காதற்காட்சிகளைத் தமிழில் ஆக்கித் தரும்படி வசனகர்த்தா இளங்கோவனிடம் அவர் கேட்டார் என்பது திரை வரலாற்றில் பதிவான செய்தி. ‘மணிக்கொடி’யில் எழுதிப் பழகிய இளங்கோவன் அதை அழகிய தமிழில் ஆக்கினார், தியாகராஜ பாகவதரும் எம். ஆர். சந்தானலட்சுமியும் பேசினார்கள், ஷேக்ஸ்பியரின் உப்பரிகை சோழ நாட்டு அரண்மனையில் வந்து நின்றது. பின்னர்த் தனித்தமிழ் உணர்ச்சியும் திராவிட இயக்க எழுத்தாளர்களும் வந்தபோது ‘பிராணநாதா’ ஓய்வு பெற்று, ‘அன்பே’, ‘ஆருயிரே’, ‘அத்தான்’ ஆகியவை பதவியேற்றன. பம்மல் சம்பந்த முதலியாரின் ‘மனோகரா’ நாடகமே 1954-ல் கருணாநிதியின் வசனத்தோடு படமாக வந்தது. கதை பழையது, மொழி புதிது. ஆனால் வீட்டிலிருந்து அதன் தொலைவு மட்டும் குறையவில்லை.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த முரண் புதுமைப்பித்தனிடம் இருக்கிறது. ‘செல்லம்மாள்’ கதையில், சென்னையில் ஜவுளிக்கடைச் சிப்பந்தியாக வறுமையில் உழலும் பிரமநாயகம் பிள்ளையும் நோயாளி மனைவியும் ஒரு காதல் சொல்லைக்கூடப் பரிமாறிக்கொள்வதில்லை. கதை அவள் மூச்சு ஒடுங்கியதில் தொடங்குகிறது, அவர் அவளுக்குச் செய்த பணிவிடையில் நடக்கிறது. அதை எழுதியவரே, திருவனந்தபுரத்தில் இருந்த தம் மனைவிக்கு எழுதிய கடிதங்களில் கொஞ்சு மொழிகளை வஞ்சனையின்றி வாரி இறைத்தார். அவற்றின் தொகுப்புக்கே ‘கண்மணி கமலாவுக்கு’ என்றுதான் பெயர். கதையில் செட்டாகவும் வாழ்வில் தாராளமாகவும் இருந்த அந்த மனிதர், மற்ற எழுத்தாளர்களை அப்படியே தலைகீழாக்கிவிட்டார். கமலாவுக்கு எழுத்து தெரியும். அவரே கதைகள் எழுதியவர். வாத்தியார் நடுவில் இல்லாத கடிதத்தில் என்ன எழுத முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

வீட்டு மொழி அசைந்தது வேறு திசையிலிருந்து. 1928-ல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்த சுயமரியாதைத் திருமணமும் அதைத் தொடர்ந்து நடந்தவையும், மணமகள் சபையில் வாய் திறந்து, தமிழில், இவரை என் வாழ்க்கைத் துணையாக ஏற்கிறேன் என்று சொல்லும் வழக்கத்தைக் கொணர்ந்தன. 1967-ல் சட்டமும் அதை அங்கீகரித்தது. நாணத்தால் தலை குனிந்திருப்பதே மணமகளின் இலக்கணம் என்றிருந்த நாட்டில், அந்த ஒரு வாக்கியம் ஆயிரம் காதல் வசனங்களைவிடத் துணிச்சலானது. பெண்கள் பள்ளிக்கூடம் போனதும், உத்தியோகம் பார்த்ததும், தனிக்குடித்தனம் வந்ததும் மீதியைச் செய்தன. இன்று கணவனைப் பெயர் சொல்லி அழைக்கும் பெண்களுக்கு எவருடைய ஆயுளும் குறைந்ததாகத் தெரியவில்லை.

நாவல்களும் நாடகங்களும் அச்சில் இருக்கின்றன. படங்களில் பல இன்றும் காணக் கிடைக்கின்றன. நம் பாட்டனும் பாட்டியும் பேசிய மொழிக்கோ, கம்பியில் குத்தி உத்தரத்தில் மாட்டியிருந்த பழைய கடிதங்களைத் தவிர வேறு சாட்சியம் இல்லை. அவற்றில் பாதியைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டாயிற்று. எஞ்சியவை யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால், தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். ஒரு முறை படித்துப் பார்த்து, தேதியையும் எழுதியவர் பெயரையும் குறித்து வையுங்கள்.