ஆகாய கங்கையில் போட்டோ எடுக்கப் போறீங்களா? கொஞ்சம் தள்ளியே நில்லுங்க!

கொல்லிமலைக்குப் போய்விட்டு வந்தவர்களின் போன் கேலரியைத் திறந்து பாருங்கள். முன்னால் நனைந்த நாலு தலைகள், பின்னால் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரு வெள்ளைப் பட்டை, லென்ஸ் முழுக்கத் தண்ணீர்த் துளி. 'நேர்ல செமயா இருந்துச்சு பாஸ், போட்டோலதான் வரல' என்பார்கள். போன் மீது தப்பில்லை. நின்ற இடம்தான் தப்பு.

நாமக்கல் மாவட்டத்தில் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனால் அறப்பளீஸ்வரர் கோயில். அதன் அருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால், ஐயாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழும் ஆகாய கங்கை. பெரும்பாலானவர்கள் போனைப் பையில் வைத்துக்கொண்டு கடகடவென இறங்கி, அருவியின் காலடிக்குப் போனதும்தான் வெளியே எடுக்கிறார்கள். அங்கே நின்றால் 300 அடி பிரேமுக்குள் வராது. வைடு லென்ஸுக்கு மாற்றினால் அருவி குட்டையாகத் தெரியும். சாரல் வேறு லென்ஸில் அடித்துக்கொண்டே இருக்கும்.

அதனால் இறங்கும் வழியிலேயே எடுங்கள். மரங்களுக்கு நடுவே அருவி எட்டிப் பார்க்கும் இடங்களில் நின்று, 2 எக்ஸ் ஜூம் வைத்து, போனை நேராகப் பிடித்து ஒரு படம். கிளையோ பாறையோ ஓரமாக பிரேமுக்குள் இருந்தால் நல்லது. தூரத்தில் கைப்பிடியைப் பிடித்து இறங்கும் நண்பன் ஒருவன் சின்னதாகத் தெரிந்தால் இன்னும் நல்லது. அருவி எவ்வளவு பெரியது என்பதை அவன்தான் சொல்வான். ஏறும்போது எடுத்துக்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். ஏறும்போது மூச்சு வாங்கவே நேரம் சரியாக இருக்கும்.

அடுத்து வெளிச்சம். உச்சி வெயிலில் தண்ணீர் வெள்ளையாக வெடித்துப் போகும், பாறை கறுப்பாகிவிடும். காலை நேரமும் மேகமூட்டமும்தான் அருவிக்கு ஏற்ற வெளிச்சம். ஸ்க்ரீனில் அருவி மேல் விரலை அழுத்திப் பிடித்து போகஸை லாக் செய்யுங்கள். பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். படம் கொஞ்சம் இருட்டாக இருந்தால் பரவாயில்லை, எடிட்டில் தூக்கிவிடலாம். வெடித்துப்போன வெள்ளையை மட்டும் எந்த ஆப்பாலும் மீட்க முடியாது.

வானவில் வேண்டுமா? சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தலையின் நிழல் விழும் திசையைச் சுற்றி 42 டிகிரி கோணத்தில்தான் வானவில் தெரியும். வெயில் ஏறிய பிறகு அது கீழே இறங்கிவிடும் என்பதால், மேலே படியிலிருந்து குனிந்து சாரலைப் பார்ப்பவர்களுக்குத்தான் அப்போது அதிர்ஷ்டம்.

இன்ஸ்டாவில் பார்க்கும் அந்தப் 'பட்டுத் துணி' அருவிக்கு வருவோம். ஷட்டர் கால் செகண்டாவது திறந்திருந்தால்தான் தண்ணீர் பட்டு மாதிரி வரும். ஆனால் பெரும்பாலான போன்களில் லென்ஸின் துவாரத்தைச் சுருக்க முடியாது. ப்ரோ மோடில் போய் ஐ.எஸ்.ஓ.வை 50-க்கு இறக்கி, ஷட்டரை 1/4 என்று வைத்தால், பகலில் படம் மொத்தமும் வெள்ளைத்தாள் ஆகிவிடும். இதற்கு இரண்டு வழி. ஒன்று, போனில் மாட்டும் என்.டி ஃபில்டர், லென்ஸுக்குப் போடும் கூலிங்கிளாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிழலில் எடுக்க என்.டி 64 போதும். இன்னொன்று காசு செலவில்லாதது. ஐபோனில் லைவ் போட்டோவாக எடுத்துவிட்டு, பிறகு அதில் 'லாங் எக்ஸ்போஷர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் இதற்குத் தனி மோடே இருக்கிறது. போனைப் பாறை மேல் சாய்த்து வைத்து 2 செகண்ட் டைமர் போட்டால் ஆடாது.

என்னைக் கேட்டால், இந்தப் பட்டு வேலையை ஆகாய கங்கையின் மெயின் அருவியில் செய்யவே வேண்டாம். அவ்வளவு உயரத்திலிருந்து விழும் தண்ணீர் வெறும் வெள்ளைத் திரையாகிவிடும். அதற்கு 1/500 போன்ற வேகமான ஷட்டர்தான் சரி. தண்ணீர் அம்பு அம்பாகப் பிரிந்து விழுவது அப்படியே உறைந்து நிற்கும். பட்டு வேண்டுமென்றால் கீழே பாறைகளுக்கு இடையே நெளிந்து ஓடும் ஓடையில் எடுங்கள்.

இன்னொரு விஷயம். நம்ம ஊர் அருவிகள் குளிக்கிற இடங்கள். குளிப்பவர்கள், முக்கியமாகப் பெண்கள், உங்கள் பிரேமில் வர ஒப்புக்கொள்ளவில்லை. முகம் தெரியாத கோணமோ ஆளில்லாத காலை நேரமோ பார்த்து எடுங்கள். ரீல்ஸுக்காகக் கூட்டத்துக்குள் போனைச் சுற்றாதீர்கள்.

இப்போது சீரியஸான பகுதி. 2022 ஆகஸ்டில் திண்டுக்கல் மாவட்டம் புல்லாவெளி அருவியில், பாறை மேல் நின்று போட்டோவுக்கு போஸ் கொடுத்த இளைஞர் ஒருவர் வழுக்கி விழுந்தார். நண்பர் எடுத்த வீடியோவை நம்மில் பலர் பார்த்திருப்போம். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான்.

பாறையின் மேல் உள்ள பச்சை, கறுப்புப் பாசியில் எந்த ஷூவும் நிற்காது. ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டே ஒரு அடிகூடப் பின்னால் வைக்காதீர்கள். முதலில் நின்று, பிறகு போனை எடுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே மலையில் மழை பெய்துகொண்டிருக்கலாம். தெளிவாக ஓடிய தண்ணீர் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் சேர்ந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ வீடியோ எடுக்க நிற்காதீர்கள். பையை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள். வனத்துறை கட்டிய கயிறோ கம்பியோ இருந்தால் அதற்கு இந்தப் பக்கம்தான் உங்கள் இடம். தண்ணீர் அதிகம் என்று இறங்கவே விடவில்லையா? வாக்குவாதம் வேண்டாம். வண்டியை மாசிலா அருவிக்கோ நம்ம அருவிக்கோ திருப்புங்கள்.

ஐபி 68 போன்தானே என்று அருவிக்கு அடியில் நீட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தச் சோதனை, ஆய்வகத்தில் அசையாத நல்ல தண்ணீரில் செய்வது. மேலிருந்து அறையும் தண்ணீருக்கு அது பொருந்தாது. ஜிப் கவர் ஒன்றும் கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணி ஒன்றும் பையில் இருக்கட்டும். ஈரச் சட்டையால் லென்ஸைத் துடைத்தால் மங்கல்தான் மிஞ்சும். போன் நனைந்துவிட்டால், ஓட்டை காயும்வரை சார்ஜரைச் செருகாதீர்கள். பவர் பேங்க்குக்கும் இதேதான்.

படி ஏறி முடித்ததும் கால் நடுங்கும். மேலே முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்பார்கள், வாங்கிக்கொண்டு உட்காருங்கள். சூப் ஆறுவதற்குள் எடுத்த படங்களைப் பார்த்து, வேண்டாததை அங்கேயே டெலிட் செய்துவிடலாம்.