பாஸ்கா இரவில் கேட்கும் பிள்ளை

யூதர்களின் பண்டிகைகளுள் பாஸ்காவைப் போலச் சிறு குழந்தையை நடுநாயகமாக வைத்து அமைந்தது வேறொன்று இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்த முன்னோர் மோசேயின் தலைமையில் விடுதலை பெற்றுப் புறப்பட்ட சரிதத்தைப் பிள்ளைகள் கேட்கும்போது பெரியோர் எடுத்துரைக்க வேண்டும் என்னும் விதி யாத்திராகமத்திலேயே இருக்கிறது. ஆயினும் பழங்காலத்தில் பண்டிகையின் பிரதான அம்சம், எருசலேம் ஆலயத்தில் பலியிட்டு, நெருப்பில் சுட்டு, அந்நகரிலேயே குடும்பம் குடும்பமாக உண்ட ஆட்டுக்குட்டிதான். கி.பி. 70-இல் ரோமானியச் சேனை அவ்வாலயத்தைத் தீக்கிரையாக்கியபின், பலிபீடமும் இல்லை, பலியும் இல்லை என்றாகிவிட்ட நிலையில், பண்டிகையின் பாரம் முழுவதும் அவரவர் வீட்டுச் சாப்பாட்டின் மேலும், அங்கே தூக்கக் கலக்கத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் மேலும் வந்து இறங்கிற்று.

ஏறக்குறைய கி.பி. 200-இல் தொகுக்கப்பெற்ற மிஷ்னா என்னும் தர்ம நூல் அன்றிரவின் கிரமத்தை வகுக்கையில், இரண்டாவது கிண்ணத்தில் திராட்சரசம் வார்த்த தருணத்தில் மகன் தகப்பனைக் கேட்கவேண்டும் என்றும், கேட்கத் தெரியாத பாலகனாயின் தகப்பனே சொல்லிக் கொடுக்கவேண்டும் என்றும், பிள்ளையின் அறிவுக்குத் தக்கபடியே விடை அமையவேண்டும் என்றும் விதிக்கிறது. இந்த இரவு மற்ற இரவுகளிலிருந்து எவ்வாறு வேறுபட்டது என்பதே கேள்வியின் சாரம். சுட்ட இறைச்சியை மட்டும் உண்பானேன் என்ற கேள்வியும் ஆதியில் அதில் இருந்தது. பலி நின்றுபோனமையால் காலக்கிரமத்தில் அது மறைந்து, சுதந்திர மனிதர் செய்வதுபோல் சாய்ந்துகொண்டு உண்பானேன் என்ற கேள்வி வந்து சேர்ந்தது. கேள்வியை மாற்றத் துணிந்த பெரியோர், கேட்கும் உரிமையைப் பிள்ளையிடமிருந்து எடுக்கத் துணியவில்லை.

கேட்க வேண்டுமானால் விழித்திருக்க வேண்டுமே! இருட்டியபின் தொடங்கி நெடுநேரம் நீளும் இந்தச் சடங்கில் குழந்தைகள் உறங்கிவிடாதிருக்க ஆசாரியர்கள் செய்த உபாயங்களைப் படிக்கையில், பெரும் சாஸ்திர விவாதங்களுக்கு நடுவே ஒரு தாயின் கை தெரிகிறது. ரபி அகீபா, பண்டிகை தொடங்கும் முன்னே குழந்தைகளுக்கு வறுத்த தானியமும் கொட்டைப் பருப்பும் பங்கிட்டுக் கொடுப்பார் என்று தல்முத் என்னும் யூத நூல் கூறுகிறது. விருந்துக்கு முன்பே கீரையைத் தோய்த்து உண்பதும், வழக்கத்துக்கு மாறான அச்செய்கை குழந்தைகளின் கண்ணில் படவேண்டும் என்பதற்காகவே. 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மைமோனிடஸ் என்னும் யூத ஆசாரியர் இன்னும் ஒரு படி மேலே போய், உண்பதற்கு முன்பே மேஜையை அவர்கள் எதிரிலிருந்து அகற்றிவிட வேண்டும், அன்றிரவு உண்ணும் புளிப்பில்லா அப்பத்தை ஒருவர் கையிலிருந்து ஒருவர் பறிக்க வேண்டும் என்று எழுதுகிறார். பிள்ளைகள் இல்லாத வீட்டில் மனைவி கேட்க வேண்டும். தனித்திருப்பவன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பறிக்கும் விளையாட்டின் சாயலே, உடைத்துத் துணியில் சுற்றி வைத்த அபிகோமன் என்னும் அப்பத்துண்டைக் குழந்தைகள் திருடி ஒளித்துவைத்து, வெகுமதி பேசிக்கொண்டு திருப்பிக் கொடுக்கும் வழக்கமாகப் பல நாடுகளில் இன்றும் நிலவுகிறது. அந்தத் துண்டை உண்ணாமல் விருந்து நிறைவுபெறாதாகையால், பேரத்தில் ஜயம் எப்பொழுதும் சிறுவர் பக்கமே.

நாவுக்கும் அன்று பாடம் உண்டு. உப்பு நீர் அடிமைகளின் கண்ணீர். கசப்புக் கீரை அவர்கள் பட்ட துன்பம். பழத்தையும் பருப்பையும் திராட்சரசம் விட்டு அரைத்த பழுப்பு நிற விழுது, செங்கல்லுக்குப் பிசைந்த களிமண். இவ்விழுதை விரலால் வழித்து உண்ணும் குழந்தைக்கு அடிமைத்தனத்தைப் பற்றித் தனியாக ஒரு பிரசங்கம் தேவையில்லை.

ஈராக்கிய யூதரின் இல்லங்களில் சரிதம் நாடகமாகவே நடைபெறும். அப்பத்தைத் துணியில் முடிந்து தோளில் சுமந்து நிற்கும் சிறுவனை, எங்கிருந்து வருகிறாய் என்று கேட்பார்கள், எகிப்திலிருந்து என்பான். எங்கே போகிறாய் என்றால், எருசலேமுக்கு என்பான். ஐரோப்பாவிலோ, அன்றிரவு வாசிக்கும் ஹகாதா நூலைச் சித்திரங்களால் நிரப்பினார்கள். அவ்வாறு சித்திரங்களோடு பிராக் நகரில் 1526-இல் அச்சான பதிப்பு பிரசித்தமானது. அதே நகரில் 1590-இல் அச்சான பதிப்பிலே, தகப்பன் வாங்கிய ஆட்டுக்குட்டியைப் பூனை தின்ன, பூனையை நாய் கடிக்க, நாயைக் கோல் அடிக்க என்று அடுக்கடுக்காக வளரும் பாட்டொன்று முதன்முதலாக இடம்பெற்றது. அதைக் கடைசியில் வைத்தார்கள். அதுவரை விழித்திருந்தால்தானே குழந்தை அதைப் பாடமுடியும்!