தாமஸ் ஸ்டீவன்சன் முடிக்காத கதைகள்



‘புதையல் தீவு’ நாவலை நான்-டீட்டெயில் பாடமாக உங்களில் சிலருக்கு நடத்தியிருக்கிறேன். ஒற்றைக்கால் ஜான் சில்வரையும் அவன் தோளில் உட்கார்ந்த கிளியையும் மறந்திருக்க மாட்டீர்கள். பரீட்சைக்கு வேண்டிய கதையைச் சொல்லி முடிக்கவே அப்போது பீரியட் போதாது. அந்தக் கதை பிறந்த கதையைச் சொல்ல நேரம் இருந்ததில்லை. இப்போது எனக்கு மணி அடிக்க ஆளில்லை, ஆகவே சாவகாசமாக எழுதுகிறேன்.

ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் 1850-ல் எடின்பரோவில் பிறந்தார். வீட்டில் அவரை லூயிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடையது கலங்கரை விளக்கம் கட்டும் குடும்பம். தாத்தா ராபர்ட், கடல் ஏறினால் மூழ்கிவிடும் பெல் ராக் பாறையின் மேல் கட்டிய விளக்கு 1811-ல் ஏற்றப்பட்டது. பெரியப்பாக்களும் அதே தொழில். அப்பா தாமஸும் அதே தொழில். வானிலை நிலையங்களில் நாலு கால் போட்டு நிற்கும் வெள்ளை மரப்பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். பக்கமெல்லாம் சாய்வான பலகை வைத்து, உள்ளே வெப்பமானி இருக்கும். பூகோளப் பாடத்தில் அதன் பெயர் ஸ்டீவன்சன் பெட்டி. அதை வடிவமைத்தவர் இந்தத் தாமஸ்தான். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மகனுடைய நாவலைவிட அப்பாவின் பெட்டிதான் முதலில் அறிமுகம்.

இப்படிப்பட்ட வீட்டில் ஒரே பிள்ளை. 1867-ல் பல்கலைக்கழகத்தில் பொறியியலுக்குச் சேர்த்தார்கள். விடுமுறையில் துறைமுகக் கட்டுமான வேலை நடக்கும் இடங்களுக்கு அனுப்பினார்கள். 1871-ல் அப்பாவோடு நடந்து போகும்போது, “எனக்கு இது வேண்டாம், எழுதத்தான் ஆசை” என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்குப் பெரிய அடி. சரி, வக்கீலுக்காவது படி என்றார். லூயிஸ் படித்து 1875-ல் தேறினார், ஆனால் அந்தத் தொழிலில் நிலைக்கவில்லை. இந்தக் காட்சி நம் வீடுகளிலும் நடப்பதுதான். பெற்றோரை அழைத்துவந்து என் முன்னால் உட்காரவைத்த பிள்ளைகள் எத்தனை பேர்!

பத்து ஆண்டு கழித்து, 1881-ன் கோடை. லூயிஸுக்கு முப்பத்தொன்று நெருங்குகிறது. நுரையீரல் கெட்டுவிட்டது. ஃபேனி என்ற அமெரிக்கப் பெண்ணை மணந்திருக்கிறார். அவருடைய முதல் திருமணத்துப் பிள்ளை லாயிட், பதின்மூன்று வயதுப் பையன், கூடவே இருக்கிறான். எழுத்தில் ஆண்டுக்கு இருநூறு பவுண்டு கூட வந்ததில்லை. குடும்பம் அப்பாவின் கையை எதிர்பார்த்துத்தான் நடந்தது. போதாததற்கு, தேறாது என்று முடிவான ஒரு புத்தகத்தை அண்மையில்தான் அப்பாவே பதிப்பாளருக்குப் பணம் கொடுத்துத் திரும்ப வாங்கி, வெளிவராமல் நிறுத்தியிருந்தார்.

இந்த நிலையில் ஸ்காட்லாந்தின் மலையூரான பிரேமாரில் ஒரு சிறு வீட்டில் எல்லாரும் தங்கினார்கள். விடாத மழை. வெளியே போக வழியில்லை. லாயிட் வண்ணப்பெட்டியை வைத்துக்கொண்டு படம் போட்டுக்கொண்டிருப்பான். லூயிஸும் சில நேரம் அவனோடு உட்கார்ந்து படம் போடுவார். அப்படி ஒருநாள் பிறந்தது ஒரு தீவின் வரைபடம்.

அதை வரைந்தது யார்? நான்தான் என்கிறார் லூயிஸ். நான் வரைந்துகொண்டிருந்தேன், அவர் வந்து குனிந்து பார்த்துப் பெயர்களை எழுதினார் என்று பிற்காலத்தில் லாயிட் எழுதினார். வரலாற்றில் இரண்டு சாட்சிகள் இருந்தால் இரண்டு கதைகள்தான். ஆனால் கதைக்கு முன்னால் வரைபடம் வந்தது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது, இல்லாத காட்டு மரங்களுக்கு நடுவே வருங்காலக் கதைமாந்தர்கள் தலைகாட்டத் தொடங்கினார்கள் என்கிறார் லூயிஸ். கொஞ்ச நேரத்தில் காகிதத்தை எடுத்து அத்தியாயத் தலைப்புகளைப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். அழகுக்காக ஒரு சின்னத் திட்டுக்கு ‘எலும்புக்கூட்டுத் தீவு’ என்று பெயர் வைத்திருந்தார், அர்த்தம் எதுவும் நினைக்காமல். பெயர் வைத்துவிட்டோமே என்பதற்காகவே பிறகு கதைக்குள் புதையலைச் சுட்டும் எலும்புக்கூடு வந்தது. படத்தில் இரண்டு துறைகள் விழுந்திருந்தன. அதனால்தான் கப்பல் ஒரு துறையிலிருந்து மறு துறைக்கு அலைய வேண்டியதாயிற்று, ஜிம் என்ற பையன் தன்னந்தனியாக அதில் ஒரு கொலைகாரனிடம் மாட்டினான். கை போன போக்கில் போட்ட கோடுகள் பிறகு கதைக்குக் கட்டளை இட்டன. மனம் அலைந்தது உண்மைதான், ஆனால் கரை உள்ள ஒரு தீவுக்குள் அலைந்தது. நாவலாசிரியனுக்குத் தன் ஊரின் தூரமும் திசையும் சூரியன் எழும் இடமும் உள்ளங்கை போலத் தெரிய வேண்டும் என்பார் லூயிஸ். வேறொரு நாவலில் நிலா விஷயத்தில் தடுக்கி விழுந்தபிறகு, பஞ்சாங்கம் இல்லாமல் அவர் எழுத உட்காரவில்லை.

காலையில் ஒரு அத்தியாயம். மதிய உணவுக்குப் பின் குடும்பத்துக்கு வாசித்துக் காட்டல். பெண் பாத்திரமே கூடாது என்பது லாயிட் போட்ட நிபந்தனை. ஜிம்மின் அம்மாவைத் தவிர வேறு பெண் அந்தக் கதையில் பேசியதாக நினைவிருக்கிறதா? இருக்காது.

ஒரு பையனுக்காக எழுதத் தொடங்கியவருக்கு, கேட்பவர்களில் இரண்டு பையன்கள் இருப்பது தெரிந்தது. இரண்டாவது பையன், அறுபதைத் தாண்டிய தாமஸ்.

தாமஸுக்கு ஒரு பழக்கம் உண்டு. வாழ்நாள் முழுக்க இரவில் படுத்ததும் தனக்குத்தானே கதை சொல்லிக்கொண்டுதான் தூங்குவார். கப்பல்கள், வழியோரச் சத்திரங்கள், கொள்ளைக்காரர்கள், கிழட்டு மாலுமிகள் எல்லாம் அதில் வருவார்கள். ஒரு கதையும் முடிந்ததில்லை. தூக்கம் வந்துவிட்டால் முடிவு எதற்கு? பகலெல்லாம் கல்லும் கணக்கும் கண்ணாடி வில்லையுமாக வாழ்ந்தவர், எழுத்து சோறு போடாது என்று மகனைத் தடுத்தவர், இரவுதோறும் போய்வந்த ஊருக்கு இப்போது பட்டப்பகலில் மகன் வழி சொல்லிக்கொண்டிருக்கிறான். எனக்கு இந்த வரலாற்றிலேயே பெரிய விஷயம் இதுதான். கற்பனை அப்பாவிடமும் குறைவில்லாமல் இருந்தது. மகனுக்கு அதோடு ஒரு வரைபடமும், மதியம் காத்திருக்கும் காதுகளும் கிடைத்தன.

செத்துப்போன பில்லி போன்ஸின் பெட்டியைத் திறக்கும் கட்டம் வந்தபோது, அதற்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்று பழைய சட்டக் கடித உறையின் பின்பக்கத்தில் பட்டியல் எழுதுவதற்குத் தாமஸ் ஒரு நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். லூயிஸ் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். கொள்ளைத் தலைவன் ஃப்ளிண்ட்டின் கப்பலுக்கு ‘வால்ரஸ்’ என்ற பெயரும் அப்பா கேட்டுக்கொண்டபடி வைத்ததுதான்.

மற்ற சரக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் லூயிஸ் பிற்காலத்தில் ஒளிக்காமல் எழுதினார். கிளி ராபின்சன் குரூசோவினுடையது, எலும்புக்கூடு எட்கர் ஆலன் போவினுடையது, பில்லி போன்ஸும் பெட்டியும் வாஷிங்டன் இர்விங்கினுடையவை. ஜான் சில்வர் மட்டும் நேரே வாழ்க்கையிலிருந்து வந்தவன். காலிழந்த கவிஞர் ஹென்லி அவருடைய நெருங்கிய நண்பர். அவருடைய நற்குணங்களைக் கழித்துவிட்டு, வலிமையையும் துணிச்சலையும் கலகலப்பையும் வைத்துக்கொண்டார். நண்பராக இருப்பதில் இப்படியும் ஒரு ஆபத்து!

பதினைந்து நாளில் பதினைந்து அத்தியாயம். பதினாறாவதன் தொடக்கத்தில் கதை நின்றுவிட்டது. ஒரு சொல் கூட வரவில்லை. அதற்குள் பிரேமாருக்கு வந்திருந்த ஜாப் என்ற அறிஞர் ‘யங் ஃபோக்ஸ்’ என்ற சிறுவர் இதழுக்குக் கதையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். தொடர்கதை 1881 அக்டோபரில் தொடங்கிவிட்டது. முடிவு இல்லாத கதையின் அச்சுப்படிகள் திருத்தக் காத்திருக்கின்றன. அப்பா மூடிய புத்தகம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, இது இரண்டாவதாகிவிடுமோ என்ற பயம். குளிர்காலத்துக்காகச் சுவிட்சர்லாந்தின் தாவோஸ் போனார். வழியில் வேறு ஒருவரின் நாவல்களைப் படித்தபடி கதையை மறந்திருந்தார். அங்கே ஒருநாள் காலை உட்கார்ந்தபோது பேச்சுப்போல வந்தது. மீண்டும் நாளுக்கு ஒரு அத்தியாயம், மொத்தம் முப்பத்துநான்கு. புத்தகம் கையில் இருந்தால் பதினாறாவது அத்தியாயத்தைப் பாருங்கள். அதுவரை ஜிம் சொல்லிவந்த கதையை அங்கிருந்து மூன்று அத்தியாயங்களுக்கு டாக்டர் சொல்கிறார். தடைப்பட்ட இடத்தைச் சுற்றிக்கொண்டு போக ஆளை மாற்றினார் என்பது என் ஊகம்.

இதழில் அது பெரிதாக எடுபடவில்லை. 1883-ல் கேசல் நிறுவனம் நூறு பவுண்டு கொடுத்துப் புத்தகமாகப் போட முன்வந்தபோது லூயிஸ் துள்ளிக் குதித்தார். கையெழுத்துப் பிரதியோடு வரைபடத்தையும் அனுப்பினார். அச்சுப்படிகள் வந்தன, வரைபடம் வரவில்லை. கேட்டால், அப்படி ஒன்று வந்து சேரவே இல்லை என்றார்கள்.

அவருக்குத் திகைப்பு. படத்தைப் பார்த்துக் கதை எழுதியவர், இப்போது கதையைப் படித்துப் படம் போட வேண்டும். முழுப் புத்தகத்தையும் புரட்டி, எந்த மலை எந்தத் திசை, எத்தனை தூரம் என்று ஒவ்வொரு குறிப்பையும் பொறுக்கி எடுத்து, காம்பஸ் வைத்து அளந்து வரைந்தார். வரைந்த இடம் அப்பாவின் அலுவலகம். வேண்டாம் என்று எந்தத் தொழிலை விட்டு வந்தாரோ, அந்தத் தொழிலின் கருவிகளோடு அங்கே உட்கார வேண்டியிருந்தது. நீர் பீய்ச்சும் திமிங்கிலங்களும் பாய்மரக் கப்பல்களும் அழகாகச் சேர்ந்தன. ஆனாலும் அந்தப் படம் தனக்குப் புதையல் தீவாகத் தோன்றவே இல்லை என்று லூயிஸ் எழுதினார்.

பலவகைக் கையெழுத்துப் போடுவதில் தாமஸ் கெட்டிக்காரர். அந்தப் புதுப் படத்தில் ஃப்ளிண்ட்டின் கையொப்பத்தையும் பில்லி போன்ஸின் கடல்வழிக் குறிப்பையும் வெகு சிரத்தையாகக் கள்ளக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். 1887-ல் தாமஸ் காலமானார். வரைபடத்தோடு உள்ள பழைய பதிப்பு யாரிடமாவது இருந்தால் உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள். கீழே பழைய எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும், அதில் ‘வால்ரஸ்’ என்ற பெயரும் இருக்கும்.