வானத்து உதவிக்குத் தரையில் கண் வேண்டும்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகும் சாலையில், கோபாலபுரம் சோதனைச் சாவடியோடு தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்குகிறது. வண்டிகளை நிறுத்தும் இந்த எல்லை ஹெலிகாப்டருக்குப் பொருட்டில்லை. கோவையை ஒட்டிய சூலூர் விமானப்படைத் தளமே திருவனந்தபுரத்தில் 1984இல் அமைந்த தெற்கு விமானப்படைத் தலைமையகத்தின் கீழ்தான் வருகிறது. ஆனால் பேரிடர் நாளில் வேறோர் எல்லை குறுக்கே நிற்கிறது: பறக்கும் படைக்கு வழி சொல்ல வேண்டியவர் யார்? எப்படிப் பறப்பது என்பதைப் படையினர் முடிவு செய்யட்டும். எங்கே, யாருக்காக என்பதை உள்ளூர் நிர்வாகமே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்தில் இடுக்கி நீர்த்தேக்கத்தின் ஐந்து மதகுகளும் திறக்கப்பட்டன. 15ஆம் தேதி கொச்சி விமான நிலையம் மூடப்பட்டது. 40 ஹெலிகாப்டர்களும் 31 விமானங்களும் களமிறங்கின. 2015 சென்னை வெள்ளத்தில் அரக்கோணம் கடற்படைத் தளம் பயணிகள் விமானங்களுக்கு இடம் தந்ததுபோல், கொச்சிக் கடற்படைத் தளமும் 20ஆம் தேதி முதல் இடம் தந்தது. ஆலுவா அருகே பனிக்குடம் உடைந்த கர்ப்பிணி ஒருவர் வெள்ளத்தில் சிக்கியிருந்தார். கடற்படையினர் முதலில் ஒரு மருத்துவரைக் கயிற்றில் இறக்கினார்கள்; தூக்கிச் செல்லலாம் என்று அவர் பார்த்துச் சொன்ன பிறகே அந்தப் பெண்ணை மேலேற்றினார்கள். அன்றே கடற்படை மருத்துவமனையில் ஆண் குழந்தை பிறந்தது. விமானியின் திறமையோடு, எந்த வீட்டில் யார் தவிக்கிறார் என்ற செய்தியும் சேர்ந்துதான் அந்த இரண்டு உயிர்களைக் காத்தது.

அப்படியானால் எல்லாவற்றையும் ராணுவத்திடமே ஒப்படைத்திருந்தால் வேகம் கூடியிருக்காதா? அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் ரமேஷ் சென்னித்தலா அதைத்தான் கேட்டார். பினராயி விஜயன் அரசு ஏற்கவில்லை. கேள்வியில் நியாயம் உண்டு. கோப்பு நகரும் வேகத்தில் வெள்ளம் காத்திருக்காது. வானில் கட்டளை ஒன்றாக இருப்பதும் அவசியம். 2013இல் உத்தராகண்ட் மீட்புப் பணியில் கௌரிகுண்ட் அருகே எம்ஐ-17 ஹெலிகாப்டர் விழுந்து 20 பேர் மாண்டார்கள்; ஆகவே 'இப்போது பறக்க முடியாது' என்று விமானி சொன்னால் அதுவே முடிவாக இருக்க வேண்டும். ஆனால் எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு கிழவர் இருக்கிறார் என்பது கிராம அலுவலருக்குத்தான் தெரியும். வெளியிலிருந்து வரும் படைத் தளபதிக்குத் தெரியாது.

மூணாறு பெட்டிமுடி இதைக் கொடூரமாகக் காட்டியது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் வாழ்ந்த லயங்களை, அதாவது வரிசை வீடுகளை, சரிந்த மலை மூடியது. 70 உயிர்கள் போயின. மின்சாரமும் தொலைபேசியும் செத்திருந்ததால் வெளியுலகுக்குத் தகவல் போய்ச் சேர்ந்தது மறுநாள் காலையில்தான். வானிலையும் ஹெலிகாப்டரை விடவில்லை. யார் தலைமை ஏற்றிருந்தாலும், செய்தி வராத அந்த இரவில் புறப்பட்டிருக்க வழியில்லை. ஆகவே மழை தொடங்கும் முன்பே ஒவ்வொரு தோட்டத்திலும் செல்போன் கோபுரம் விழுந்தாலும் பேசும் ஒரு கம்பியில்லாக் கருவியும், ஹெலிகாப்டர் இறங்கக் குறித்துவைத்த ஒரு மைதானமும் இருக்க வேண்டும். வான்வழி மீட்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது.