தஞ்சாவூர் வாடல் நோய்

தென்னையின் அடித்தண்டை அழுகச் செய்யும் பூஞ்சை நோய். 1952 புயலுக்குப் பின் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில் பரவலாகத் தென்பட்டதால் இப்பெயர் பெற்றது. காரைக்காலைச் சூழ்ந்த காவிரிக் கடைமடையின் மணற்பாங்கான தோப்புகளும், ஈரம் வற்றும் கோடையும் இதற்கு ஏற்றவை.

நோய்க்காரணியான கனோடெர்மா, பசிடியோமைக்கோட்டா தொகுதியின் பாலிபோரேல்ஸ் வரிசையைச் சேர்ந்தது. இப்பேரினத்தைப் பின்லாந்து அறிஞர் கார்ஸ்டன் 1881இல் நிறுவினார். மரம் மக்கச்செய்யும் பூஞ்சைகளில் ஒரு வகை செல்லுலோஸை உண்டு, லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவிடும். எஞ்சுவது பழுப்பு மக்கல். கனோடெர்மா லிக்னினையும் சிதைப்பதால் கட்டை வெளிறி நார்நாராகும். பட்ட மரத்தை மண்ணாக்கும் இப்பணி காட்டுக்கு இன்றியமையாதது. தோப்பிலோ, அதே பூஞ்சை உயிருள்ள தென்னையின் வேர்வழி நுழைகிறது.

அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு கசியும், அடிமட்டைகள் வாடித் தொங்கும், குரும்பை உதிரும். பளபளப்பான காளான் தலைகாட்டும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். நோயுற்ற வேரும், வெட்டியபின் விட்டுவைத்த அடிக்கட்டையுமே அடுத்த மரத்துக்கு நோயைக் கடத்துகின்றன. ஆகவே மருந்தைவிடத் தோப்புத் தூய்மையே முதன்மையானது: பட்ட மரத்தை வேரோடு பெயர்த்து எரிப்பது, நோயுற்ற மரத்தைச் சுற்றி அகழி வெட்டுவது, மரத்துக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு இடுவது ஆகியன வேளாண் துறையினரின் பரிந்துரைகள்.