தானே துப்புரவு செய்யும் தொட்டி

நாகரிகத்தின் வரலாற்றை எழுதுவோர் கோட்டைகளைக் குறிப்பிடுவர். கோபுரங்களின் உயரத்தை அளந்து கூறுவர். கழிப்பிடத்தின் வரலாறு எங்கே என்று கேட்டால் மூக்கைப் பொத்திக்கொள்வர். மன்னர்கள் மறைந்தனர், மணிமுடிகள் உருண்டன. மனிதன் உண்பதும் கழிப்பதும் மட்டும் ஒருநாளும் ஓய்ந்ததில்லை. கழித்தது எங்கே போயிற்று? அதைக் கொண்டு போனவர் யார்? முதற் கேள்விக்கு விடை தேடியோர் பலர். இரண்டாவதைக் கேட்டோர் மிகச் சிலர். நாம் இரண்டையும் சேர்த்தே கேட்க விரும்புகிறோம்.

1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் ஆறு நாறிற்று. நாற்றம் நாடாளுமன்றத்துள் நுழைந்தது. சுண்ணாம்புக் கரைசலில் தோய்த்த திரைகளைச் சன்னல்களில் தொங்கவிட்டுப் பார்த்தனர், பயனில்லை. ஆள்வோரின் மூக்கைத் தொட்டதும் அலுவல்கள் விரைந்தன. பேசல்ஜெட் என்னும் பொறியாளர் இலண்டன் மாநகருக்குப் பாதாளச் சாக்கடை அமைத்தார். பெருநகர், பெருஞ்செல்வம், வழி பிறந்தது. ஆனால், சில நூறு குடும்பங்கள் வாழும் சிற்றூர் என்ன செய்யும்? கோடிக்கணக்கில் கொட்டிக் குழாய் பதிக்க அதனால் இயலுமா?

அந்தக் கேள்விக்கு விடை கண்டவர்களுள் ஒருவர் பொறியாளரல்லர், பாதிரியார். இங்கிலாந்தின் டார்செட் வட்டாரத்தில் ஃபார்டிங்டன் என்னும் ஊரில் 1829 முதல் பணியாற்றிய ஹென்றி மோல். 1849இலும் 1854இலும் காலரா அவ்வூர் ஏழைகளைக் கொள்ளை கொண்டது. ‘கடவுள் சித்தம்’ என்று கூறிக் கைகட்டி நிற்கவில்லை அவர். அந்நிலம் இளவரசர் பட்டத்துக்குரிய சொத்து; ஆகவே அரசியின் கணவர் ஆல்பர்ட்டுக்கே எட்டுக் கடிதங்கள் எழுதி, அந்தச் சேரியின் அவலத்தை அச்சிலேற்றினார். பிறகு தம் வீட்டின் பக்கம் திரும்பினார். மலக்குழியை மூடினார், வீட்டார் அனைவரும் வாளியைப் பயன்படுத்தும்படி செய்தார், வாளியில் சேர்ந்ததைத் தோட்டத்து மண்ணில் புதைத்தார். மூன்று நான்கு வாரங்கள் கழித்துத் தோண்டினால், புதைத்ததன் அடையாளமே இல்லை! உலர்ந்த மண்ணை மேலே தூவினால் நாற்றம் அடங்குகிறது. அதே மண்ணை உலர்த்தி மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். இறுதியில் அது பயிருக்கு எருவாகிறது. கைப்பிடியை இழுத்தால் அளவாக மண் கொட்டும் இருக்கை ஒன்றை அமைத்து, 1860இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். மலத்தைத் தொட்டதால் அவருடைய தெய்வீகம் தீட்டுப்பட்டுவிடவில்லை.

ஏறத்தாழ அதே காலத்தில், பிரான்சு நாட்டின் வெசூல் நகரில் லூயி மூரா என்பவர் வேறொரு வழி கண்டார். வீட்டின் கழிவு முழுவதையும் காற்றுப் புகாத கற்றொட்டி ஒன்றில் விட்டார். உள்ளே வரும் குழாயும் வெளியே போகும் குழாயும் நீர்மட்டத்துக்குக் கீழே மூழ்கியிருந்தன. பல ஆண்டுகள் சென்றபின் திறந்து பார்த்தபோது, நிரம்பி வழிய வேண்டிய தொட்டியில் திடப்பொருள் மிகக் குறைவாக இருந்தது. என்ன மாயம்? அவருக்கு விளங்கவில்லை. மொய்ஞோ என்னும் அறிவியலறிந்த துறவி இதை 1881-82இல் உலகுக்கு அறிவித்தார். அவரும் மாயம் என்று கூறவில்லை, அற்புதம் என்று கூறவில்லை. காற்றில்லாமலே வாழ்வன என்று பாஸ்டர் கண்டுரைத்த நுண்ணுயிர்களின் வேலையாக இது இருக்கக்கூடும் என்றார். வேதத்தைப் புரட்டாமல் பாஸ்டரைப் புரட்டிய அந்தத் துறவியை நாம் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

அந்தத் தொட்டிக்கு அவர்கள் சூட்டிய பெயர் என்ன தெரியுமா? ‘தானியங்கித் துப்புரவாளன்’! பாரிஸ் போன்ற நகரங்களில் இரவு நேரத்தில் மலக்குழி அள்ளும் தொழிலாளர் இருந்தனர். அவர்களுடைய வேலையை இனி இந்தத் தொட்டியே செய்துகொள்ளும் என்பது அப்பெயரின் பொருள். இந்தப் பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

1895இல் இங்கிலாந்தின் எக்சிடர் நகரப் பொறியாளர் டொனால்டு கேமரான் இம்முறையைப் பெரிய அளவில் செய்து காட்டினார். ‘செப்டிக் டேங்க்’ என்னும் பெயரை வழங்கியவரும் அவரே. அழுகும்போது எழும் வாயுவைக் கொண்டு அங்கே விளக்கெரித்தனர். கனமானது அடியில் படியும், எண்ணெய்ப்பசை மேலே ஏடாக மிதக்கும், இடையில் உள்ள நீர் வெளியேறி உறிஞ்சுகுழிக்கோ நிலத்துக்கோ செல்லும். அங்கே மண் அதை வடிகட்டி முடிக்கும். எளிய வீட்டுக்கும் ஏற்றது, சிற்றூர்ப் பள்ளிக்கும் ஏற்றது. ஆயினும் ஒரு குறை. நுண்ணுயிர்கள் எல்லாவற்றையும் தின்று தீர்ப்பதில்லை. அடியில் சேறு சேர்ந்துகொண்டே போகும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை அகற்றியாக வேண்டும். ஆக, ‘தானியங்கி’ முழுமையாகத் தானே இயங்குவதில்லை!

மோலின் மண் முறை கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தது. ஆங்கிலேயர் அதைச் சிறைகளிலும் படை முகாம்களிலும் புகுத்தினர். டார்செட்டில் பாதிரியாரின் குடும்பம் செய்த வேலையை இங்கே செய்தவர் யார்? கைப்பிடி, கலன், எந்திரம் எதற்கு, பிறப்பினாலேயே அதற்கென்று ஒதுக்கப்பட்ட மக்கள் இருக்கும்போது! எடுப்புக் கக்கூசும் தலைச்சுமைக் கூடையும் ஊர்தோறும் நிலைத்தன. பின்னர் வந்த செப்டிக் டேங்குக்கும் அதே கதிதான். அள்ளும் இடம் மாறியது. அள்ளும் ஆள் மாறவில்லை. மேனாட்டில் ஆளை விலக்கப் பிறந்த தொட்டி, இங்கே ஆளை விழுங்கும் தொட்டியாயிற்று. மூடியைத் திறந்ததும் உள்ளே இருப்பது வெறும் சேறன்று. மீத்தேனும் ஐதரசன் சல்பைடும் அங்கே தேங்கியிருக்கின்றன. முதலாமவன் மயங்கி விழுவான். அவனைத் தூக்க இறங்கும் இரண்டாமவனும் விழுவான். சட்டங்கள் இல்லாமலில்லை. 1993இல் ஒன்று, 2013இல் மற்றொன்று. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2023இல் அதை முப்பது இலட்சமாக உயர்த்தியது. உயிருக்கு ஈட்டுத்தொகை உயர்ந்தது. குழியில் ஆள் இறங்குவது மட்டும் நின்றபாடில்லை.

வேறு வழியே இல்லையா? உண்டு, நம் நாட்டிலேயே உண்டு. பீகாரில் பிந்தேசுவர் பாடக் 1970இல் தொடங்கிய சுலப் இயக்கம் பரப்பிய இரட்டைக்குழிக் கழிப்பிடம் அது. கழிப்பிடத்துக்குப் பின்னால் இரு சிறு குழிகள். சுவரில் செங்கல் இடைவெளிகள். அடியில் காரை பூசுவதில்லை. ஒன்றரை, இரண்டு லிட்டர் நீர் ஊற்றினால் போதும். ஒரு குழி நிரம்பியதும் அதன் வாயை அடைத்துவிட்டு மற்றதைத் திறக்க வேண்டும். நிரம்பியது இரண்டாண்டுகள் உறங்கும். நீரை மண் உறிஞ்சிவிடும், நோய்க்கிருமிகள் மடிந்துவிடும், எஞ்சுவது நாற்றமற்ற எரு. நச்சுவாயு தேங்கும் மூடிய அறையும் இல்லை, உள்ளே மூழ்கி அள்ளும் தேவையும் இல்லை. எல்லா இடத்துக்கும் இது ஏற்றதென்று நாம் சாதிக்கவில்லை. நிலத்தடி நீர் மேலாக உள்ள ஊரிலும், குடிநீர்க் கிணற்றுக்குப் பக்கத்திலும், பாறை நிலத்திலும் இது உதவாது. நெருக்கமான சிறு நகரங்களுக்கு வேறு வழி: தொட்டிச் சேற்றை லாரியால் உறிஞ்சிச் சென்று, ஊருக்கு வெளியே தனி நிலையத்தில் உலர்த்திப் பக்குவப்படுத்தலாம். பெங்களூரை அடுத்த தேவனஹள்ளியில் 2015இல் அவ்வாறு செய்து காட்டினர்.

அப்படியிருந்தும் இரட்டைக்குழி ஊரெங்கும் பரவாததேன்? வடநாட்டுச் சிற்றூர்களில் கேட்டறிந்தோர் கூறும் காரணம் சிந்திக்கத்தக்கது. “குழி சிறிது, சில ஆண்டில் நிரம்பிவிடும், நிரம்பினால் யார் அள்ளுவது?” என்று அஞ்சினராம் மக்கள். ஆகவே தலைமுறைக்கும் நிரம்பாத பெருங்குழி வேண்டுமென்றனர். அதற்குப் பணமில்லாதவர் கழிப்பிடமே வேண்டாமென்று வயல்வெளிக்குச் சென்றனர். நம் ஊர்களிலும் இதன் சாயல் இல்லையா? ‘பெருசாக் கட்டுங்க, இருபது வருசத்துக்குத் திறக்கவே கூடாது’ என்று கொத்தனாரிடம் சொல்லும் வீட்டுக்காரர் எத்தனை பேர்! குழியின் அளவை நிர்ணயிக்க வேண்டியவை குடும்பத்தின் எண்ணிக்கையும் மண்ணின் தன்மையும். நிர்ணயிப்பதோ தீட்டு. மட்கியது மலமன்று, மண் என்று அறிவியல் கூறுகிறது. அதைத் தொட்டவன் இன்னான் ஆகிவிடுவான் என்று சாதி கூறுகிறது. எதன் சொல் ஏறுகிறது என்பதை வீட்டுக்குப் பின்னால் உள்ள குழியே காட்டிவிடும்.

2017ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தெலங்கானாவின் வாரங்கல் மாவட்டத்துக் கங்காதேவிப்பள்ளி என்னும் சிற்றூரில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. நடுவணரசின் குடிநீர், துப்புரவுத் துறைச் செயலாளர் பரமேசுவரன் ஐயர், உறங்கி முடிந்த குழி ஒன்றில் தாமே இறங்கினார். பல மாநிலங்களிலிருந்து வந்த அதிகாரிகளும் உடன் சேர்ந்தனர். மட்கியதை அள்ளி மேலே கொடுத்தனர். கறுத்து, உதிர்ந்து, தோட்டத்து மண்போல் இருந்தது அது. மறுநாள் இதழ்கள் அதைப் படத்தோடு வெளியிட்டன. வெளியிட்டது சரியே, பார்த்தவர் சிலராவது தங்கள் வீட்டுக் குழியைத் திறந்திருப்பர். காலமெல்லாம் குழியில் இறங்கியவர்களுடைய படமும் அவ்விதழ்களில் வருவதுண்டு. அவர்கள் உயிரோடு வெளியே வராத நாளில்.